டெக்சாஸ் பருத்திக் காட்டுக்கு வரும் அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது கோவில்பட்டிக் கரிசல். இப்போது டெக்சாஸின் மேற்கில் லபக் நகரத்தில், பருத்தி விவசாயிகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து பேசும் சித்தப்பா, பஞ்சு வாங்க வரும் மில்காரர்கள், இங்கே படிக்கவரும் பிள்ளைகள் எல்லோரும் அமெரிக்கப் பருத்தி மானியத்தைப் பற்றி ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு லபக்கிற்குத் தெற்கே சுமார் 60 மைலில் இருக்கும் டாசன் கவுண்டியை வைத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மானாவாரிப் பருத்தி விளையும் கிராமப்புறம் அது. தலைமை ஊர் லமீசா.

அமெரிக்காவில் பருத்தி போட்டாலே அரசு பணம் கொடுக்கிறதாமே, உண்மையா?

பணம் உண்டு. ஆனால் "போட்டாலே" என்பது சரியில்லை. சில பணம் பருத்தி போடாதவருக்கும் வருகிறது, சில பணம் போட்டவருக்கே வருவதில்லை. முதலில், இது ஒரே மானியம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஐந்து வாய்க்கால்கள் இருக்கின்றன. விலை சரிந்தால் தரும் ஈட்டுப் பணம் ஒன்று. பயிர்க் காப்பீட்டுப் பிரீமியத்தில் அரசு ஏற்கும் பங்கு இரண்டாவது. பஞ்சுப் பொதியை அடகு வைத்து வாங்கும் கடன் மூன்றாவது. வறட்சிக்கோ வர்த்தகச் சண்டைக்கோ திடீரென்று அறிவிக்கும் நிவாரணம் நான்காவது. நிலத்தைப் புல்லுக்கு விடுவதற்கான வாடகை ஐந்தாவது.

இந்த ஐந்துக்கும் விதிகள் வேறு, உச்சவரம்பு வேறு, பணம் வரும் மாதம் வேறு. "அவர் ஒரு லட்சம் டாலர் வாங்கினாராம்" என்று யாராவது சொன்னால், எந்த வாய்க்காலில் என்று கேட்காமல் அந்தப் பேச்சுக்குப் பொருளே இல்லை.

கவுண்டி என்றால் நம் மாவட்டம்தானே? பணத்தில் அதற்கு என்ன வேலை?

டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் இருக்கின்றன. ஆகவே அளவில் நம் தாலுகாவை நினைத்துக்கொள்ளுங்கள். மத்திய வேளாண்துறையின் பண்ணைச் சேவை முகமைக்குப் பண்ணைக் கவுண்டிகளில் அலுவலகம் இருக்கும். விவசாயி விதைத்த பரப்பை அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பக்கத்துப் பருத்திக்குக் கடைசி நாள் பொதுவாக ஜூலை 15. நம் ஊர் அடங்கல் போன்ற பதிவுதான். ஆனால் அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதுவார், இங்கே விவசாயியே போய்ச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும்.

அலுவலகத்துக்கு மேல் ஒரு கவுண்டிக் குழு உண்டு. அந்த வட்டார விவசாயிகளே வாக்களித்து மூன்றாண்டுக்குத் தேர்ந்தெடுப்பார்கள். குத்தகைக்காரருக்கும் வாக்கு உண்டு. பல முடிவுகளில் இந்தக் குழுவின் சொல்லுக்கு எடை இருக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வருஷம் சோளம் போட்டவருக்கும் பருத்திப் பணம் வந்ததாமே? எப்படி?

நான் இங்கே வந்த புதிதில் எனக்கும் இது பிடிபடவில்லை. விலை ஈட்டுப் பணம் இந்த ஆண்டு விதைத்த ஏக்கருக்குத் தரப்படுவதில்லை. அடிப்படை ஏக்கர் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் தரப்படுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கர் இருந்தது என்பதை வைத்து எழுதிய கணக்கு அது. 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில், 1998 முதல் 2001 வரை விதைத்த சராசரியைக் கொண்டு அதைப் புதுப்பித்துக்கொள்ள உரிமையாளர்களுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். பழைய அடங்கலை வைத்து இன்றைக்குப் பணம் பட்டுவாடா செய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கணக்கு நிலத்தோடு ஒட்டியது. நிலம் கைமாறினால் அதுவும் கைமாறும். 2025ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் 3 கோடி ஏக்கர் வரை புதிதாகச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறது. 2019 முதல் 2023 வரையிலான விதைப்பு அதற்கு ஆதாரம். புதிதாகப் பருத்திக்கு வந்தவர்களுக்கு நீண்ட காலத்துக்குப் பிறகு கிடைத்த வழி இது.

விலை ஈட்டுப் பணம் பஞ்சு விலையைப் பார்த்தா, பருத்தி விலையைப் பார்த்தா?

தமிழில் கேட்டால் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடுகிறது. கொட்டையோடு இருப்பது பருத்தி, அரைத்துக் கொட்டை நீக்கினால் பஞ்சு. அமெரிக்கச் சட்டத்தின் கதையே இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நடந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம் விலை ஈட்டுப் பட்டியலிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டது. காரணம் பிரேசில் வழக்கு, அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் பருத்தி மறுபடி உள்ளே வந்தபோது, பஞ்சாக வராமல் கொட்டைப் பருத்தியாக வந்தது. பஞ்சு விலையையும் கொட்டை விலையையும் எடைக்கேற்பச் சேர்த்துத்தான் இப்போது கணக்கிடுகிறார்கள்.

சந்தை விலை எந்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசம் தருவார்களோ, அதுதான் ஆதார விலை. அப்போது வைத்தது பவுண்டுக்கு 36.7 சென்ட். 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதை 42 சென்ட் ஆக்கியது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள், அண்ணாச்சி.

ஒருவருக்கு 200 அடிப்படை ஏக்கர் என்று வைப்போம். அதில் 85 விழுக்காட்டுக்குத்தான் பணம். ஆக 170 ஏக்கர். அந்த நிலத்துக்குப் பதிவான மகசூல் ஏக்கருக்கு 1,200 பவுண்டு கொட்டைப் பருத்தி என்றால், மொத்தம் 2,04,000 பவுண்டு. சந்தை ஆண்டின் சராசரி விலை 34 சென்டுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். பழைய ஆதார விலைப்படி வித்தியாசம் 2.7 சென்ட், பணம் 5,508 டாலர். புதிய விலைப்படி வித்தியாசம் 8 சென்ட், பணம் 16,320 டாலர். இதில் பட்ஜெட் வெட்டு என்று 5.7 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். கையில் வருவது ஏறத்தாழ 15,390.

இந்தக் கணக்கில் எங்கேயும் அவர் இந்த ஆண்டு எடுத்த வெள்ளாமை வரவில்லை. அவருக்கு ஏக்கருக்கு இரண்டு பொதி விளைந்தாலும், விதை முளைக்காமலே போனாலும் தொகை ஒன்றுதான். இன்னொரு தெரிவும் உண்டு. கவுண்டியின் மொத்த வருமானம் ஏக்கர் அளவில் வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கினால் பணம் தரும் திட்டம் அது. அதிலும் தனி ஆளின் மகசூலைப் பார்ப்பதில்லை. நம் ஊரில் பிர்கா அளவில் அறுவடைச் சோதனை வைத்துக் காப்பீட்டை முடிவு செய்யும்போது என் காடு மட்டும் காய்ந்ததே என்று புலம்புவோம் அல்லவா, அதே புலம்பலை லமீசா விவசாயியும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

விலை சரிந்தது போன வருஷம். பணம் ஏன் இன்னும் வரவில்லை?

பருத்திக்குச் சந்தை ஆண்டு ஆகஸ்ட் 1 தொடங்கி அடுத்த ஜூலை 31 வரை. அது முடிந்தால்தான் சராசரி விலை தெரியும். அதற்குப் பிறகு வரும் அக்டோபரில் பணம் வரும். 2023இல் விளைந்த பருத்திக்கான கணக்கு 2024 அக்டோபரில்தான் தீர்ந்தது. 42 சென்ட் ஆதார விலைக்கான முதல் பணத்துக்கு 2026 அக்டோபர் வரை பொறுக்க வேண்டும்.

இந்தப் பதினைந்து பதினாறு மாத இடைவெளியில் டீசலும் உரமும் வங்கிக் கடனில்தான் ஓடுகின்றன. நான் கணக்கு எழுதும் குடும்பங்களில் அக்டோபர்ப் பணம் ஒருநாள்கூட வீட்டுக் கணக்கில் தங்குவதில்லை. அப்படியே வங்கிக்குப் போகிறது.

இது நம் குறைந்தபட்ச ஆதரவு விலை மாதிரிதானே?

நோக்கம் ஒன்று, வழி வேறு. 42 சென்டைக் குவிண்டாலுக்கு மாற்றினால் சுமார் 92.6 டாலர். டாலர் 87 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 8,050 ரூபாய். 2025-26 பருவத்தில் நீண்ட இழைப் பருத்திக்கு இந்தியா அறிவித்த ஆதரவு விலை 8,110 ரூபாய். இரண்டு அரசுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கின்றன என்று முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்தியாவில் அந்த விலை வேண்டுமென்றால் இந்தியப் பருத்திக் கழகம் உங்கள் பருத்தியை வாங்க வேண்டும். ஈரம் பார்ப்பார்கள், தரம் பார்ப்பார்கள், கொள்முதல் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே அரசு ஒரு பொதியைக்கூடத் தொடாமல் வித்தியாசத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறது. நம் சிறு விவசாயி மொத்தப் பருத்தியையும் வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்த பிறகு, ஆதரவு விலை அறிவிப்பு அவருக்கு வெறும் பத்திரிகைச் செய்திதான்.

பொதியை அடகு வைக்கும் கடன் என்றீர்களே, அது என்ன?

அரைத்த பஞ்சைக் கிடங்கில் வைத்து, ரசீதைக் காட்டி அரசிடம் ஒன்பது மாதக் கடன் வாங்கலாம். 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி கடன் விலை பவுண்டுக்கு அதிகபட்சம் 52 சென்டாக இருந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 பயிர் முதல் அதை 55 சென்ட் ஆக்கியது. உலக விலை அதற்குக் கீழே போனால், குறைந்த விலையைக் கட்டிப் பொதியை மீட்டுக்கொள்ளலாம், வித்தியாசம் விவசாயிக்கு. மீட்காமல் விட்டாலும் கடன் தீர்ந்துவிடும், பொதி அரசுக்கு. இந்த ஒப்பீட்டுக்கான உலக விலையை வேளாண்துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அறிவிக்கும். இங்கே ஒரு பொதி 480 பவுண்டு, நம் 170 கிலோ பொதியைவிடப் பெரியது.

நிலம் ஒருவருடையது, உழுபவர் இன்னொருவர். பணம் யாருக்கு?

ரொக்கக் குத்தகை என்றால் விலை ஈட்டுப் பணம் முழுதும் உழுபவருக்கு. வாரத்துக்குப் பயிரிட்டால் வெள்ளாமையைப் பிரிக்கும் விகிதத்திலேயே பணமும் பிரியும். இந்தப் பக்கத்தில் பருத்தியில் நிலக்காரருக்குக் கால் பங்கு என்பது பழைய வழக்கம்.

சட்டம் இப்படித்தான் சொல்கிறது, நடப்பு அதைவிடச் சிக்கலானது. அடிப்படை ஏக்கர் அதிகமுள்ள நிலத்துக்குக் குத்தகையும் அதிகம் கேட்பார்கள். உழுபவர் பெயரில் வந்த பணத்தில் ஒரு பகுதி அடுத்த ஆண்டுக் குத்தகையாக நிலக்காரரிடமே போய்ச் சேரும். அந்த நிலக்காரர் டாலஸ் நகரத்தில் இருக்கும் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம்.

மழையே இல்லாமல் பயிர் போய்விட்டால்?

அப்போது கைகொடுப்பது காப்பீடு. டாசன் கவுண்டியில் ஆண்டு மழை சராசரியாக 20 அங்குலத்துக்கும் குறைவு. 2011இலும் 2022இலும் டெக்சாஸில் விதைத்த பருத்தியில் பாதிக்கு மேல் அறுவடைக்கு வராமலே கைவிடப்பட்டது. காப்பீட்டை விற்பது தனியார் நிறுவனங்கள். பின்னால் நிற்பது மத்திய அரசு. பிரீமியத்தில் பாதிக்கு மேல், சில வகைகளில் 80 விழுக்காடு வரை, அரசு கட்டுகிறது. விவசாயியின் சொந்த மகசூல் வரலாற்றை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது. கவுண்டி அளவில் கணக்கிடும் கூடுதல் காப்பீடு ஒன்றும் உண்டு. பஞ்சு பட்டியலிலிருந்து நீங்கிய 2014இல் அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தது அது.

ஐந்து வாய்க்கால்களில் இது ஒன்றைத்தான் நான் மனதார ஆதரிக்கிறேன். உண்மையில் விதைத்தவருக்கு, உண்மையில் இழந்தபோது வரும் பணம் இது. ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் காய்ந்த செடியைப் பார்த்துக்கொண்டு, மதிப்பீட்டாளர் வந்து கையெழுத்திடும் வரை உழுது அழிக்க முடியாமல் காத்திருக்கும் மனிதரின் முகத்தைப் பார்த்தால், இழப்பீட்டால் அது ஆறும் என்று சொல்ல மனம் வராது.

பக்கத்துக் கவுண்டிக்காரருக்கு ஏக்கருக்கு அதிகம் வந்ததே, அது என்ன நியாயம்?

இது பெரும்பாலும் 2019ஐப் பற்றிய கேள்வி. சீனாவோடு வர்த்தகச் சண்டை நடந்தபோது 2018இல் பஞ்சுக்குப் பவுண்டுக்கு 6 சென்ட் நிவாரணம் கொடுத்தார்கள். 2019இல் பயிர்வாரியாகக் கொடுக்காமல், கவுண்டிக்கு ஒரே விலை என்று ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 டாலர் வரை வைத்தார்கள். அந்தக் கவுண்டியில் வழக்கமாக எந்தப் பயிர் எவ்வளவு விளைகிறது என்பதுதான் அளவுகோல். பருத்திக் கவுண்டிகளுக்கு உயர்ந்த விலைகள் கிடைத்தன. எல்லைச் சாலையின் இருபுறமும் ஒரே மண், ஒரே பயிர், வேறு பணம். இதற்கு நியாயம் தேடிப் பயனில்லை, கணக்கு வசதிக்காக எடுத்த முடிவு அது.

2024ஆம் ஆண்டுப் பயிருக்கு வந்த பொருளாதார உதவி வேறு வகை. பருத்திக்கு ஏக்கருக்கு 84.74 டாலர், நாடு முழுவதும் ஒரே விலை. அடிப்படை ஏக்கரைப் பார்க்காமல் விதைத்த ஏக்கருக்கே கொடுத்தார்கள். மூன்றாவது கேள்வியில் சொன்ன பழைய அடங்கல் இல்லாமலும் பணம் பட்டுவாடா செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

உச்சவரம்பு கிடையாதா?

விலை ஈட்டுப் பணத்துக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர். 2025இல் 1,55,000 ஆனது. காப்பீட்டு இழப்பீட்டுக்கு வரம்பே இல்லை. அடகுக் கடனில் கிடைக்கும் ஆதாயத்தையும் 2018இல் வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

"ஆள்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுக் கூட்டு என்றால் ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனி வரம்பு. பண்ணையில் நேரடியாக ஈடுபட வேண்டும் என்பது விதி. ஆனால் நிர்வாகம் பார்ப்பதும் ஈடுபாடுதான். 2018இல் குடும்பம் என்ற வரையறையை அண்ணன் பிள்ளை, அக்காள் பிள்ளை, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் வரை நீட்டினார்கள். ஒரு காலத்தில் கம்பெனிகளைக் கிளை கிளையாகப் பதிவு செய்து பணம் வாங்குவதை "மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்" என்றே அழைத்தார்கள்.

கடைசியில் பெரிய பண்ணைக்குத்தானே போகிறது?

பெரும்பகுதி, ஆமாம். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏக்கர் உள்ளவருக்குத்தான் போகும். இது தொடக்கத்திலிருந்தே இருக்கும் நோய். 1933இல் ரூஸ்வெல்ட் அரசு விலையைத் தூக்குவதற்காக நின்ற பருத்தியை உழுது அழிக்கச் சொல்லிப் பணம் கொடுத்தது. சுமார் ஒரு கோடி ஏக்கர் அழிந்தது. பணம் நிலக்காரர் கைக்குப் போனது. பரப்பு குறைந்ததால் வாரத்துக்குப் பயிரிட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த ஆத்திரத்தில்தான் 1934இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். மிசிசிப்பியின் சன்பிளவர் கவுண்டியில் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பண்ணை 1967இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது. அதே கவுண்டியில் பருத்தி பறித்துப் பசியோடு கிடந்த மக்களின் குரலாக நின்றவர் பேனி லூ ஹேமர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் பயிர் ஒன்றுக்கு 55,000 டாலர் என்று முதல் வரம்பை வைத்தது.

கவுண்டிக் குழுவைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தென்மாநிலங்களில் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த குழுக்கள் கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்களை இழுத்தடித்ததும் தள்ளியதும் நீதிமன்றம் வரை போயிற்று. பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் சமரசம் ஏற்பட்டது. விடுபட்டவர்களுக்காக 2010இல் 125 கோடி டாலருக்கு இரண்டாவது சமரசம். அதற்குள் பலருடைய நிலம் போய்விட்டது.

பிரேசில் வழக்கு என்ன ஆயிற்று?

அமெரிக்க மானியம் உலக விலையை அழுத்துகிறது என்று பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 2005இல் மேல்முறையீட்டிலும் அமெரிக்கா தோற்றது. பதிலடி வரி விதிக்க பிரேசிலுக்கு உரிமை கிடைத்தது. அதைத் தவிர்க்க 2010இல் அமெரிக்கா ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசில் பருத்தித் துறைக்குக் கட்ட ஒப்புக்கொண்டது. 2014 அக்டோபரில் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள் 2003இல் இதே குறையைச் சொன்னன. அவற்றிடம் பதிலடி கொடுக்கும் வர்த்தக பலம் இல்லை. அவற்றுக்கு அப்படி ஒரு தொகை வரவில்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் இதுதான்.

இதனால் நம் விவசாயிக்கு நஷ்டமா, மில்லுக்கு லாபமா?

அமெரிக்கா விளைவிப்பதில் பெரும்பகுதி ஏற்றுமதிதான். மலிந்தால் எல்லா ஊர் விலையும் அசையும். அடகுக் கடனும் காப்பீடும் பரப்பைக் குறைய விடாமல் தாங்குகின்றன. அடிப்படை ஏக்கர்ப் பணத்தின் தாக்கம் அவ்வளவு இல்லை, ஏனென்றால் அதை வாங்க விதைக்கவே வேண்டாம்.

மில்லுக்கு உடனடிக் கேள்வி இறக்குமதி வரி. இந்தியா 2021இல் 11 விழுக்காடு வைத்தது. 2025 ஆகஸ்டு 19 முதல் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை அதை நீக்கியது. அந்த மாதங்களில் கோவைக்காரர்களின் போன் எனக்கு அதிகம் வந்தது, ஊரிலிருந்து சித்தப்பாவின் கோபமும்தான். நான் சித்தப்பா பக்கம். மானியம் பெற்ற பஞ்சை வரியில்லாமல் உள்ளே விடும் அரசு, தன் விவசாயியின் பருத்தியை ஆதரவு விலைக்குக் கடைசிக் குவிண்டால் வரை வாங்கியிருக்க வேண்டும்.

யார் எவ்வளவு வாங்கினார் என்று பார்க்க முடியுமா?

முடியும். சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற அமைப்பு 1995 முதலான விவரங்களை அரசிடமிருந்து பெற்றுக் கவுண்டிவாரியாக வெளியிடுகிறது. காப்பீட்டில் யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் ஆள்வாரியாக வெளிவராது. ஒரு பெயருக்கு எதிரே தொகையைப் பார்த்ததும் ஆளை எடைபோட வேண்டாம். அது எத்தனை ஆண்டுப் பணம், எத்தனை கூட்டாளிக்கு, முதல் கேள்வியில் சொன்ன எந்த வாய்க்கால் என்று பாருங்கள்.

புல்லுக்கு விட்டால் பணம் என்றீர்களே?

1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. காற்றில் மண் பறக்கும் நிலத்தைப் பத்து முதல் பதினைந்து ஆண்டு புல்லுக்கு விட்டால் ஆண்டு வாடகை, அதிகபட்சம் 50,000 டாலர். ஒரு கவுண்டியின் பயிர் நிலத்தில் கால்வாசிக்கு மேல் இதில் சேர்க்கக் கூடாது என்பது பொது விதி. மண்ணுக்கு நல்லது. ஆனால் அந்த ஏக்கர்களை நம்பியிருந்த ஜின்னிங் ஆலைக்கும் விதைக் கடைக்கும் வாடகை கிடைப்பதில்லை.

நண்பர் ஒருவர் லமீசா பக்கம் 160 ஏக்கர் வாங்கப் பார்க்கிறார். எச்1பி விசாவில் இருக்கிறார். மானியம் கிடைக்குமா?

குடிமகனோ நிரந்தர வாசியோ இல்லாதவருக்கு, நிலமும் முதலும் போட்டுத் தானே கணிசமாக உடல் உழைப்பும் தந்தால் ஒழிய, விலை ஈட்டுப் பணம் கிடையாது. வேறு வேலைக்காக வந்த விசாவில் அது நடவாது. ரொக்கக் குத்தகைக்கு விட்டால் உழுபவர் தகுதியுள்ளவராக இருந்தால் அவருக்குக் கிடைக்கும். 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவர் வேளாண் நிலம் வாங்கினால் 90 நாளுக்குள் வேளாண்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 விழுக்காடு வரை அபராதம் விழலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், விற்பவரிடம் 156-ஈஇசட் என்ற தாளைக் கேட்கச் சொல்லுங்கள். அடிப்படை ஏக்கர், எந்தப் பயிருக்கு, பதிவான மகசூல் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். நிலம் எளிதில் அரிக்கும் வகையா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியென்றால் பாதுகாப்புத் திட்டத்தின்படி உழ வேண்டும், மீறினால் உழுபவருக்கு எல்லாப் பணமும் நிற்கும். புல்லுக்கு விட்ட ஒப்பந்தம் பாக்கி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்கட்டும். ஒப்பந்தத்தை நடுவில் முறித்தால், அதுவரை வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.